மருந்துக்கு மசியாத கிருமியும் நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனும்

“பைபாஸ் நல்லபடியாத்தான் முடிஞ்சது, அப்புறம் கிருமி புகுந்திருச்சு.” மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் இதை அடிக்கடி கேட்கலாம். கேட்கிறவர்கள் ஆஸ்பத்திரி சுத்தமில்லை என்பார்கள், அல்லது டாக்டருக்குக் கவனமில்லை என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நெஞ்சுப் புண்ணில் புகும் கிருமி பெரும்பாலும் நோயாளியின் மூக்கிலும் தோலிலும் குடலிலும் ஏற்கெனவே குடியிருந்தது. பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ அவர் போகும்போது அதுவும் கூடவே போகிறது. அது எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்பதில், கடந்த சில மாதங்களாக ஊர்க் கிளினிக்கில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு.

உடம்புக்குப் பழகுகிறதா, கிருமிக்கா?

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. சளிக்காய்ச்சல், டிங்கி, கோவிட் எல்லாம் வைரஸ். அங்கே இதற்கு வேலையே இல்லை. “இந்த மருந்து எனக்குப் பழகிப்போச்சு, இன்னும் பவரா குடுங்க” என்று கேட்பவர் தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறார். பழகுவது உடம்பல்ல, அதில் வாழும் பாக்டீரியா. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு நடுவே அந்த மருந்துக்குச் சாகாத சில இருக்கக்கூடும். மருந்து மற்றவற்றைக் கொன்று இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. சாகாதவை அந்த இடத்தில் பெருகுகின்றன. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். குடலில் பெருகியது மாதக்கணக்கில் தங்கும்.

கிருமி தப்பிக்கும் முக்கிய வழிகள் மூன்று. மருந்தை வெட்டிப் போடும் நொதியைச் சுரக்கிறது. மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. உள்ளே நுழைந்த மருந்தை வெளியே இறைத்துக் கொட்டுகிறது. இந்த வித்தைகளை ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் கடத்திவிட முடியும் என்பதுதான் பெரிய தலைவலி.

இருதய அறுவைச் சிகிச்சையில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இவை:

1. எம்.ஆர்.எஸ்.ஏ. நம்மில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினரின் மூக்கில் சும்மா இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் மசியாத வகை. மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-இலேயே அதற்கு மசியாத ஆரியஸ் இங்கிலாந்தில் பதிவானது. பெனிசிலின் குடும்பமும், வழக்கமாகத் தரப்படும் செஃபலோஸ்போரின் குடும்ப மருந்துகளும் இதனிடம் தோற்கும்.

2. ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். எல்லார் தோலிலும் இருக்கும் சாது. உலோகக் கம்பியோ செயற்கை வால்வோ கிடைத்தால் மட்டும் குணம் மாறும். ஆஸ்பத்திரியில் பரவும் வகைகள் பெரும்பாலும் மெத்திசிலினுக்கு மசியாதவை.

3. இ.எஸ்.பி.எல் என்ற நொதியைச் சுரக்கும் ஈ.கோலி, கிளெப்சியெல்லா. குடல்வாசிகள். செஃப்ட்ரியாக்சோன் போன்ற வலுவான ஊசிகளையும் அந்த நொதி வெட்டிவிடும். இவற்றுக்குக் கொடுக்கும் மெரோபெனம் வகை மருந்துக்கும் மசியாதவை சி.ஆர்.இ. அந்த நிலையில் மிஞ்சுவது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் கொலிஸ்டின் போன்ற ஒருசில மருந்துகள்தான். கோழி, பன்றித் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை மலேசியா 2019-இல் தடை செய்ததற்கு இதுவே காரணம்.

4. அசினெட்டோபேக்டர். ஐசியு-வில் சுவாசக் குழாயோடு நாள்கணக்கில் படுத்திருப்பவரின் நுரையீரலைத் தேடி வரும். இதுதான் உண்மையிலேயே “ஆஸ்பத்திரிக் கிருமி.”

இருதய ஆபரேஷனில் மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

குடல்வால் எடுத்த இடத்தில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் தையலைத் திறந்துவிட்டு ஆற்றிவிடலாம். நெஞ்சு அப்படியில்லை. பைபாஸில் நடுமார்பு எலும்பை மேலிருந்து கீழ்வரை ரம்பத்தால் பிளக்கிறார்கள். இருதயத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருந்த ஒரே சுவர் அது. வேலை முடிந்ததும் ஆறு முதல் எட்டு துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் எலும்பை இறுக்கிக் கட்டுகிறார்கள். எலும்பு கூடி ஒட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கம்பி உள்ளேயே இருக்கும்.

புதிய ரத்தப்பாதைக்காக மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் தமனியை எடுத்து இருதயத்தில் பொருத்துவார்கள். நீண்ட நாள் அடைபடாமல் உழைப்பதில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் மார்பெலும்புக்கு ரத்தம் கொடுத்துவந்ததும் அதே தமனிதான். ரத்தம் குறைந்த எலும்பு மெதுவாக ஆறும்; ரத்தத்தின் வழியே போக வேண்டிய ஆன்டிபயாடிக்கும் அங்கே குறைவாகவே சேரும். இரு பக்கத் தமனிகளையும் எடுத்தால், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது. காலிலிருந்து ரத்த நரம்பு (சிரை) எடுத்தால் அங்கே இன்னொரு நீளமான புண். கழுத்தில் மருந்துக் குழாய், மணிக்கட்டில் ஊசி, மார்பில் வடிகுழாய்கள், சிறுநீர்க் குழாய், தொண்டையில் சுவாசக் குழாய்: ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்த கதவு.

கம்பியும் வால்வும் தரும் தொல்லை வேறு மாதிரி. அவற்றின்மேல் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, பிசின் போன்ற படலத்தைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்துக்குச் சாகும் கிருமிகூட அந்தப் படலத்துக்குள் இருந்தால் தப்பிவிடும். கிருமியே மசியாத வகையென்றால் கேட்க வேண்டியதில்லை.

கத்தி படும் முன் ஒரு மணி நேரம்

இருதய அறுவைச் சிகிச்சை இவ்வளவு பாதுகாப்பாக நடப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, கத்தி படுவதற்கு முன் போடும் ஒரு முன்காப்பு ஊசி. அதன் கணக்கு கறாரானது.

1. வழக்கமான மருந்து செஃபாசோலின், 2 கிராம். எடை 120 கிலோவோ அதற்கு மேலோ என்றால் 3 கிராம். கத்தி படுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் நரம்பில் போட வேண்டும். தோலை வெட்டும் நொடியில் மருந்து திசுவில் நிறைந்திருக்க வேண்டும். வெட்டிய பிறகு போட்டால் பயன் வெகுவாகக் குறையும்.

2. ஆபரேஷன் 4 மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடியும் ஒரு ஊசி. இருதய-நுரையீரல் இயந்திரத்தில் முன்கூட்டியே நிரப்பும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட திரவம் ரத்தத்தோடு கலந்து மருந்தின் செறிவைக் குறைத்துவிடும். ரத்த இழப்பும் அதையே செய்யும்.

3. 24 முதல் 48 மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். “இன்னும் அஞ்சு நாளைக்குப் போட்டா நல்லதுதானே” என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பு. நீட்டிப்பதால் புண் கூடுதலாகக் காக்கப்படுவதில்லை. குடலில் மசியாத கிருமிகள் பெருகவும், கடுமையான வயிற்றுப்போக்கு வரவும்தான் வழி பிறக்கும்.

இப்போது இக்கட்டைப் பாருங்கள். நோயாளியின் மூக்கில் இருப்பது எம்.ஆர்.எஸ்.ஏ என்றால், சரியான நேரத்தில் சரியான அளவில் போட்ட செஃபாசோலின் அதை ஒன்றும் செய்யாது. வான்கோமைசின் தேவை. அதை அவசரமாக ஏற்ற முடியாது. 1 கிராமுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தமும் விழும். அதனால் கத்தி படுவதற்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் தொடங்குவார்கள். அதாவது, முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் மேசையில் படுத்த பிறகு தெரிந்து பயனில்லை.

எல்லாருக்கும் வான்கோமைசினே போட்டுவிட்டால் என்ன? சாதாரண ஆரியஸைக் கொல்வதில் அது செஃபாசோலினைவிடப் பலவீனமானது, ஈ.கோலி, கிளெப்சியெல்லா பக்கம் அது எட்டியே பார்க்காது. அதனால்தான் எம்.ஆர்.எஸ்.ஏ உள்ளவருக்குப் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

“எனக்குப் பெனிசிலின் ஒத்துக்காது” என்ற வரியும் இங்கே தொல்லை கொடுக்கும். சின்ன வயதில் தோட்ட டிரஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) ஊசி போட்டபோது மயக்கம் வந்தது, வாந்தி வந்தது என்பதெல்லாம் அட்டையில் ஒவ்வாமையாக ஏறி, வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து வரும். இப்படிச் சொல்பவர்களைச் சோதித்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒவ்வாமையே இருப்பதில்லை. ஆனாலும் அந்த ஒரு வரிக்காகச் சிறந்த ஊசி கைநழுவி, இரண்டாந்தர ஊசி வந்து சேரும். என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் நடந்தது, உடம்பில் தடிப்பு வந்ததா, மூச்சு அடைத்ததா என்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

கிருமி பிடித்துவிட்டால்

எலும்பு வரை, அல்லது அதற்குப் பின்னால் வரை போகும் ஆழமான நெஞ்சுத் தொற்று நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை வரக்கூடியது. அரிதுதான். ஆனால் வந்தவர்களில் பத்துக்கு ஒருவராவது இறக்கிறார்கள் என்பதே பெரும்பாலான கணக்கு. பொதுவாக இது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தலைகாட்டும். அதற்குள் நோயாளி வீடு திரும்பியிருப்பார். ஆபரேஷன் செய்த குழு தூரத்து நகரத்தில் இருக்கும்; புண்ணை முதலில் பார்ப்பது மனைவியோ, மகளோ, அரசு கிளினிக்கில் கட்டு மாற்றும் தாதியோதான்.

சிகிச்சை என்பது மறுபடியும் ஆபரேஷன். கம்பிகளை அகற்றி, செத்த எலும்பைச் சுரண்டி, பஞ்சு வைத்து மூடி, 125 மில்லிமீட்டர் பாதரச அழுத்த அளவுக்கு உறிஞ்சும் இயந்திரத்தைப் பொருத்துவார்கள். பல நாள் கழித்து மார்புத் தசையையோ, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையையோ இழுத்து வந்து குழியை நிரப்புவார்கள். கூடவே நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழி மருந்து. சாதாரண ஆரியஸ் என்றால் செஃபாசோலினிலேயே நன்றாக அடங்கும். எம்.ஆர்.எஸ்.ஏ என்றால் வான்கோமைசின்: ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும், இனிப்புநீராலும் ஆபரேஷனாலும் ஏற்கெனவே களைத்த சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டி நாள்கூலி வாங்கும் குடும்பத்துக்கு இந்த ஆறு வாரம் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செயற்கை வால்வில் எம்.ஆர்.எஸ்.ஏ பிடித்தால் வான்கோமைசினோடு ரிஃபாம்பிசின், முதல் இரண்டு வாரம் ஜென்டாமைசின் என மூன்று மருந்துகள். இதில் ரிஃபாம்பிசின், வால்வுக்காகச் சாப்பிடும் வார்ஃபரினை உடம்பிலிருந்து வேகமாகக் கரைத்துவிடும். ரத்தம் உறைந்து வால்வு அடைபடாமலிருக்க வார்ஃபரின் அளவை ஏற்ற வேண்டும். ரிஃபாம்பிசின் நின்றதும் மறக்காமல் இறக்க வேண்டும். இறக்க மறந்தால் ரத்தக்கசிவு.

ஊரிலிருந்து புறப்படும் முன்

ஆபத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில், வீட்டில் நடப்பது.

1. மருந்துப் பட்டியல். கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கின் பெயர், எத்தனை நாள், எதற்காக. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் படுத்தது. முன்பு எப்போதாவது எம்.ஆர்.எஸ்.ஏ என்றோ இ.எஸ்.பி.எல் என்றோ சொன்னார்களா. நான் ஒன்றைத்தான் வற்புறுத்தலாம் என்றால் இதைத்தான் வற்புறுத்துவேன். 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது. ஆனால் இங்கே தனியார் கிளினிக்கே மருந்தையும் கொடுத்துவிடுவதால் சீட்டு என்ற ஒன்று நோயாளி கைக்கு வருவதே இல்லை. “மஞ்ச கேப்சூல், ஒரு நாளைக்கு மூணு” என்பதோடு வரலாறு முடிந்துவிடுகிறது. பாக்கெட்டில் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள், அதைப் படம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மிச்ச மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும்.

2. இனிப்புநீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஆபரேஷனின்போதும் அடுத்த நாள்களிலும் 10 மில்லிமோலுக்குக் கீழே வைக்க இன்சுலினைச் சொட்டாக ஏற்றுவார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி ஏறியிருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனைச் சில வாரம் தள்ளிவைப்பது நியாயம். கடைசி வாரப் பட்டினியால் அந்தச் சராசரி இறங்காது.

3. மூக்கும் குளியலும். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கும் சோதனையில் ஆரியஸ் இருந்தால், 2 விழுக்காடு முபிரோசின் களிம்பு, தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். கூடவே 4 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் திரவத்தில் தினக் குளியல். கண்ணிலும் காதிலும் படக் கூடாது. நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், இந்த ஐந்து நாள் வேலை ஆஸ்பத்திரியில் வரும் ஆரியஸ் தொற்றை 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைத்தது. முபிரோசினுக்கும் மசியாத கிருமிகள் உண்டு. கண்ட புண்ணுக்கெல்லாம் அதைத் தடவிப் பாழாக்கக் கூடாது.

4. கால் விரலிடுக்கு. இதை யாரும் கேட்பதில்லை. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டு வேலை செய்பவர்களுக்கு விரலிடுக்கில் பூஞ்சை பிடித்துத் தோல் வெடித்திருக்கும். பைபாஸுக்கு நரம்பு எடுத்த காலில் நிணநீரோட்டம் சரியாக இருக்காது. அந்த வெடிப்பு வழியே கிருமி நுழைந்து கால் சிவந்து வீங்குவது மாதங்கள் கழித்தும் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக். ஒவ்வொரு முறையும் மசியாத கிருமிக்கு இன்னொரு வாய்ப்பு. பத்து வெள்ளி (ரிங்கிட்) பூஞ்சைக் களிம்பில் முடிய வேண்டிய விஷயம் அது.

5. பல். சொத்தை, சீழ் எல்லாவற்றையும் வால்வு ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். செயற்கை வால்வு பொருத்திய பிறகு பல் பிடுங்கப் போனால், 30 முதல் 60 நிமிடம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலின் தேவைப்படும். பல் டாக்டரிடம் வால்வைப் பற்றி முதலிலேயே சொல்ல வேண்டும்.

6. மார்பிலோ காலிலோ வீட்டில் சவரம் செய்யாதீர்கள். பிளேடு விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவையென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள். சிகரெட்டை நான்கு வாரம் முன்பாவது நிறுத்த வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

புண்ணில் மஞ்சள், விபூதி, கோடாலித் தைலம் எதுவும் வேண்டாம். கை கழுவாமல் கட்டைத் தொடக் கூடாது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆபரேஷன் செய்த மையத்தை அன்றைக்கே கூப்பிட வேண்டும்:

1. இருமும்போதோ திரும்பிப் படுக்கும்போதோ மார்பெலும்பு “கடக்” என்று நகர்வது. தோல் அழகாக ஆறியிருந்தாலும் உள்ளே கம்பி தளர்ந்திருக்கலாம்.
2. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி திரும்பக் கூடுவது.
3. புண்ணிலிருந்து நீரோ சீழோ கசிவது, சுற்றிச் சிவந்து சூடாவது.
4. 38 பாகைக்கு மேல் காய்ச்சல், அல்லது குளிர் நடுக்கம்.
5. காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது. இனிப்புநீர் உள்ளவருக்குச் சில சமயம் இதுவே முதல் அறிகுறி.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பக்கத்துக் கிளினிக்கில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பது. ஆழத்தில் இருக்கும் தொற்று மாத்திரையால் போகாது. ஆனால் கிருமியின் எண்ணிக்கை குறைவதால், பிறகு எடுக்கும் சீழ், ரத்தப் பரிசோதனையில் அது வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து வலுவான மருந்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுக்க வேண்டிவரும். சோதனைக்கு எடுத்த பிறகுதான் மருந்து. குளிர் நடுக்கமும் மயக்கமும் உள்ளவருக்கு மட்டும் காத்திருக்காமல், ரத்தம் எடுத்த கையோடு ஊசி போட்டுவிடுவார்கள்.

வார்ஃபரின் சாப்பிடுபவர் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும். கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், எரித்ரோமைசின் போன்றவை ரத்தத்தை அளவுக்கு மீறி நீர்க்கச் செய்யும்.

மண்ணோடு புழங்குகிறவர் என்பதையும் சொல்ல வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நம் ஊர் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. இனிப்புநீர் உள்ளவர்களை அதிகம் தாக்கும். இது ஆன்டிபயாடிக்குக்குப் பழகி மாறிய கிருமியல்ல, இயல்பிலேயே பெனிசிலினுக்கும் செஃபாசோலினுக்கும் ஜென்டாமைசினுக்கும் மசியாதது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும். ஆபரேஷன் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவருக்கு வரும் நுரையீரல் காய்ச்சலை “ஆபரேஷன் சளி” என்று எண்ணிவிட்டால் நாள்கள் வீணாகும்.

சோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். வரும் தாளில் மேலே கிருமியின் பெயரும், கீழே மருந்துகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்தும் இருக்கும். ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். ‘ஆர்’ என்றால் மசியாது. ‘ஐ’ என்றால், பல மருந்துகளில், அளவைக் கூட்டினால் வேலை செய்யக்கூடும். நகல் கேட்டு வாங்கி, மருந்துப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்த் தொற்றுக்கோ கால் வீக்கத்துக்கோ போகும்போது, டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாள்தான்.